ஆஸ்பத்திரி ஏகாதசி

என் சகலை ஸ்ரீகண்டனுக்குப் பிறர் வேலையில் குற்றம் காண்பதற்கென்றே அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. கட்டடங்களைச் சரிபார்க்கும் அதிகாரி. பூச்சைச் சுரண்டிப் பார்த்து, "இடிச்சுட்டு மறுபடி கட்டு" என்பார். ஓய்வுக்குப் பிறகு மல்லேஸ்வரத்து வீட்டில் சுரண்டுவதற்கு மனைவி சீதாலட்சுமிதான் மிச்சம்.

போன வருஷம் மலத்தில் இரத்தம் வந்தது. குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடலில் தட்டையாக ஒரு சின்னக் கட்டி. புற்றாக இருக்கலாம் என்று டாக்டர் அஷ்வத்திடம் அனுப்பினார்கள். அவருடைய குழாய்க் கேமரா கட்டியின் மேல்தோலைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும். தோலின் நுண்துளைகள் ஒழுங்காக இருந்தால் குழாய் வழியாகவே கட்டியை எடுத்துவிடலாம். சிதைந்திருந்தால் புற்று ஆழம் போய்விட்டது, வயிற்றைத் திறக்க வேண்டும். பார்க்கக் குடல் சுத்தமாக இருக்க வேண்டும். முதல் நாள் தண்ணீரும் பேதி மருந்தும் தவிர எதுவும் கூடாது.

"வருஷக்கணக்கா ஏகாதசி இருக்கறவனுக்குப் பட்டினியைப் பத்தி கிளாஸ் எடுக்கறான்" என்றார். அவருடைய ஏகாதசி எங்களுக்குத் தெரியாததா? அரிசியைத் தொடமாட்டார். ரவை உப்புமாவைத் தட்டு தட்டாகத் தொடுவார். அன்று சாயங்காலமும் அதையே கேட்டார்.

"டாக்டர் வேண்டாம்னாரே, ஏன்னா" என்றாள் சீதாலட்சுமி.

"இதுல அரிசி இல்லையே. சும்னே, பேசாம கிண்டு."

கிண்டினாள். மறுநாள் அஷ்வத் பெரிதாக்கிப் பார்த்தது கடுகையும் தக்காளித் தோலையும்தான். "கழுவியும் போகலை சார், ஒண்ணும் தெரியலை. சுத்தம் பண்ணிண்டு நாளன்னிக்கு மறுபடி வாங்க" என்றார்.

மறுபடி. ஊருக்கெல்லாம் இவர் சொன்ன வார்த்தை. தன்னிடம் ஒருவன் சொன்னதும் மானம் போய்விட்டது. "கேமராவைப் பிடிக்கத் தெரியலை, பழி என் வயித்து மேல" என்று எழுந்து வந்தவர், மாதக்கணக்கில் அந்தப் பக்கமே போகவில்லை. நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

இரத்தம் அதிகமானபிறகு போனார். இம்முறை சொன்னபடி பட்டினி. "குடல் ரொம்ப சுத்தம் சார்" என்று அஷ்வத் சொன்னதும், பரீட்சையில் பாஸானவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு டாக்டர் திரையைக் காட்டினார். துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் துளையே இல்லை. ஆழம் போய்விட்டது. வயிற்றைத் திறந்தே ஆக வேண்டும்.

"அந்த உப்புமாவைக் கிண்டினது நான்தானே" என்று சீதாலட்சுமி அழுதாள். உன் மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். அவரைப் பார்த்தேன்.

"கடுகைக் கொஞ்சம் கம்மியா போட்டிருக்கலாம் நீ" என்றார்.