நிமிர்ந்து நின்று பெட்ரோல் போட்டேன்

கள்ளக்குறிச்சியில் நாங்கள் குடியிருப்பது மாடி வீடு. பெட்ரோல் பங்க்கில் வேலை முடிந்து, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினால் பாதிப் படியில் நெஞ்சு படபடக்கும். அவளை இறக்கிவிட்டு மூச்சு வாங்குவேன். பிள்ளை பெற்ற உடம்பு, சரியாகிவிடும் என்றிருந்தேன். அப்படி இருந்தது தப்போ என்று பிறகு பயம் வந்தது. எனக்கு ஏதாவது ஆனால் இவளை யார் பார்ப்பார்கள்?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஈ.சி.ஜி. எடுத்தார், முள் வைத்த ஒரு குழாயில் மூச்சளவு பார்க்க ஊதச் சொன்னார். இதயம் நன்றாக இருக்கிறது, மூச்சுக்குழாய்தான் சுருங்கியிருக்கிறது என்று மருந்து எழுதினார். பங்க்கில் வேலை என்றதும், பெட்ரோல் எப்படிப் போடுவேன் என்று செய்து காட்டச் சொன்னார். குனிந்து காட்டினேன்.

"மூஞ்சியக் கொண்டுபோய் டேங்க்குல வெக்கிறீங்களேம்மா!"

வேறெப்படி? டேங்க் நிறைந்ததும் பம்ப் குழாயின் நாசில் தானாக நின்றாலும் வண்டிக்காரர்கள் யாருக்கும் போதாது. டேங்க் வாயில் பெட்ரோல் தளும்புவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காகக் குனிந்து சொட்டுச் சொட்டாக ஊற்றுவோம். அந்த ஆவியும் வண்டிப் புகையும் வருஷக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரலோடு இதயமும் கெடும் என்றார்.

இனி குனிய மாட்டேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். சொல்லாமலே செய்திருக்கலாமோ என்று உடனே தோன்றியது.

"கம்ப்ளெய்ன்ட் வந்தா வேற வேல பாத்துக்கோம்மா," என்றார்.

மறுநாளே வந்தது சண்டை. கல்வராயன் மலைக்காரர் ஒருவர், மனைவியோடு பைக்கில் வந்தார். நாசில் நின்றதும் எடுத்துவிட்டேன்.

"இன்னாமா, நிறுத்திட்ட? வண்டிய ஆட்றேன், ஊத்து."

"ஃபுல்லுதாண்ணா. இதுக்கு மேல ஊத்துனா வழியும்."

"எத்தினி வருஷமா ரொப்பிக்கினு போறேன், எங்க வழியுது?"

மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "மல ஏறும்போது பெட்ரோல் நாத்தம் வரலியாண்ணா?" என்றேன்.

பின்னால் இருந்த மனைவி வெடித்துச் சிரித்தார். "போன வாட்டி இந்தாளு பேன்ட்டே நனைஞ்சி போச்சு! நாந்தானே தொவைச்சேன்? மூடியப் போட்டுக்கினு கெளம்புய்யா!"

வரிசையே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே கிளம்பினார். பக்கத்து பம்ப் அக்கா இருமிக்கொண்டே, "அப்ப நானும் குனிய மாட்டேம்பா," என்றார். அந்த வாரமே மேனேஜர் பலகை மாட்டினார்: 'தானாக நின்றால் டேங்க் ஃபுல்.'

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் குழாயில் ஊதியபோது முள் நன்றாக மேலே போனது. "சரியாத்தான் ஊதினேனா டாக்டர்? இன்னொரு தடவ ஊதட்டுமா?" என்று கேட்டேன்.

"எத்தன தடவ ஊதினாலும் நல்லாத்தாம்மா இருக்கு!"

அன்று மாலை மகளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். பாதிப் படியில் பழக்கத்தில் இறங்கப் பார்த்தாள். நான் விடவில்லை, நிற்கவுமில்லை. வாசலுக்கு வந்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டிம்மா."

இறங்கிப் போய், இன்னொரு வாட்டி ஏறினோம்.