உருளைக்கிழங்குத் தோல்

சிக்வார்ட் வீட்டில் உருளைக்கிழங்குத் தோல்கூடக் குப்பைக்குப் போகாது. எல்லாம் கோழிக்குத்தான். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று அவரைக் கேலி செய்த ஹௌகசுண்ட் துறைமுக ஊர்க்காரர்களே, மே மாதத் தேசிய நாள் வந்தால் தொப்பியைக் கழற்றுவார்கள். போரில் மூழ்கிய சரக்குக் கப்பலின் சமையல்காரர் அல்லவா? ஊர்வலத்தில் முன்னால் நடக்கக் கூப்பிட்டால் முதுகுவலி என்பார். என்ன அடக்கம் என்று இன்னும் மெச்சுவார்கள். அவர் கூனிக் குறுகிப் போவார். பாவம், ஊருக்கு என்ன தெரியும்!

கப்பலில் ஒரு கட்டளை இருந்தது. சமையலறைக் கழிவை இருட்டிய பிறகே கடலில் கொட்ட வேண்டும். பகலில் கொட்டினால், மிதக்கும் தோலை மோப்பம் பிடித்து எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் பின்னாலேயே வந்துவிடும். அன்று வாளி நிறைந்து மீன்குடல் நாறியது. சோம்பல் வேறு. நடுப்பகலிலேயே கவிழ்த்துவிட்டார். சாயங்காலம் கப்பலில் டார்பிடோ குண்டு பாய்ந்தது.

தோலால்தான் வந்ததா, வேறெதனாலோ, யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் கொட்டியதைத் துணைக் கேப்டன் டோர்லெய்ஃப் பார்த்திருந்தார். உயிர்காப்புப் படகில் குளிரில் விறைத்துச் சாகும்போதும் அந்த மனிதர் திட்டவில்லை. "ஊர்ல யார்கிட்டயும் சொல்லிக்காதே. பொழைச்சுப் போ" என்றார். திட்டியிருந்தால் சிக்வார்ட்டுக்கு ஒரு நாளாவது நிம்மதியாகத் தூக்கம் வந்திருக்கும்.

டோர்லெய்ஃபின் மனைவி குன்வோர் அடுத்த தெருவில் இருந்தாள். தன் வீட்டுத் தோலைத் தினமும் காலையில் வாளியில் கொண்டுவந்து கோழிகளுக்குப் போட்டுவிட்டு, அவர் சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போவாள். அந்த மே மாதம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இந்தத் தடவை நீ என் பக்கத்துல நடக்கணும், சிக்வார்ட். அவர் இடத்துல நடக்க உன்னை விட்டா யாரு இருக்கா?"

அதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. காலடியில் இருந்த வாளியைப் பார்த்தபடியே, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க வெட்கமாக இருந்தது.

குன்வோர் கேட்டாள்.

"அன்னிக்கு மத்தியானம் அவர் சாப்பிட்டாரா?"

"ரெண்டு தட்டு. மீனும் கிழங்கும்."

தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள். ஊர்வலத்தில் தனியாக நடந்தாள்.

அவளும் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் இன்றும் அவரைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிறது. தோல் வாளியும் தினம் தவறாமல் வருகிறது. வேலிக்கு வெளியே வைத்துவிட்டுப் போகிறாள். கதவைத் தட்டுவதில்லை.