செருப்புக் குவியல்தான் அடையாளம்

கிளினிக்கில் வேலை பார்த்த மலையாளி சிஸ்டர்தான் என் காதோடு காதாகச் சொன்னாள். துபாய் கராமாவில் ஒரு பழைய கட்டடம், கீழே மளிகைக் கடை, வெள்ளிக்கிழமை பதினோரு மணி. குடியை விட நினைப்பவர்கள் அங்கே கூடிப் பேசுவார்களாம். புதிதாகப் போகிறவர் தன்னைக் குடிகாரன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். போர்டெல்லாம் கிடையாது, வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும், அதுதான் அடையாளம் என்றாள்.

நாங்கள் ஷார்ஜாவில், முவைலாவில் இருந்தோம். ஷார்ஜாவில் பாட்டில் விற்க மாட்டார்கள் என்று நம்பி, நான்தான் அடம்பிடித்து அங்கே வீடு பார்க்க வைத்தேன். பாட்டில் தாராளமாகக் கிடைக்கும் அஜ்மான் எவ்வளவு பக்கம் என்பது என் புத்திசாலித்தனத்துக்கு எட்டவில்லை. சைட் எஞ்சினியரான என் கணவர் வியாழக்கிழமை சாயங்காலமானால் "ஒரு சின்ன வேலை" என்று வண்டியை எடுப்பார். சத்தம் போடுகிற ஆள் இல்லை. குடித்துவிட்டு ஹாலில் சோபாவுக்குக் கீழே கிடப்பார், அவ்வளவுதான். அந்த வருஷம் எங்கள் மகள் தன் பிறந்தநாளுக்கு யாரையும் கூப்பிட வேண்டாம் என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சிஸ்டர் சொன்ன அன்றைக்கே கராமா கூட்டத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். கூடவே இதையும் சொல்லிவிட்டேன். "ஸ்கூல் லீவு விட்டதும் நானும் பாப்பாவும் ஊருக்குப் போறோம். போறதுக்கு மட்டும் டிக்கெட் போடுங்க. திரும்பி வர்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

மனிதர் ஆடிப்போய்விட்டார். கராமாவுக்கு வருகிறேன் என்று உடனே ஒப்புக்கொண்டார்.

மற்ற நாட்களில் ஊர்ந்து போகும் துபாய் சாலை, வார விடுமுறையான வெள்ளிக்கிழமை காலையில் வெறிச்சோடிக் கிடந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் "நான் ஒரு குடிகாரன்" என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தவர், பத்து மணிக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். இரண்டாவது மாடியில் ஒரு வாசல் முழுக்கச் செருப்பு. எங்களுடையதையும் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனோம்.

வெள்ளிக்கிழமை காலையில் கராமாவில் செருப்பு குவியாத வாசல் எங்கே இருக்கிறது? ஒரு வீட்டில் ஜெபம், ஒரு வீட்டில் பேச்சிலர்களின் பிரியாணி. நாங்கள் நுழைந்த வீட்டில் பஜனை. "வாங்க, வாங்க" என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் கூட்டம் ஆரம்பிப்பார்கள் போல என்று நானும் உட்கார்ந்தேன். என் கணவர் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, கை தட்டி அமர்க்களப்படுத்தினார். இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

பஜனை முடிந்து சுண்டல் வந்தது. வீட்டுக்கார அம்மா சிரித்தபடி, "புதுசா வந்திருக்கீங்க. உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார்.

இவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வணக்கம். நான் ஒரு குடிகாரன்."

சுண்டல் கரண்டி அப்படியே நின்றது. அந்த அமைதியை அனுதாபம் என்று எடுத்துக்கொண்டு, "டெய்லி இல்லைங்க. ஆனா வியாழக்கிழமை தப்பாது" என்று வேறு சேர்த்தார். தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மானம் போயிற்று. அவர் பேன்ட்டைப் பிடித்து இழுத்தேன்.

ஆர்மோனியம் வாசித்தவர் பெட்டியை மூடிவிட்டு எழுந்தார். "சார், நீங்க தேடி வந்தது நாலாவது மாடி. வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் பக்கத்தில் இருந்த ஆர்மோனியக்காரரின் மனைவி.

அந்தப் பெட்டி நாலாவது மாடியில் ஒரு நண்பர் அறையில்தான் இருக்குமாம். வாரா வாரம் பஜனை முடிந்ததும் அதை வைத்துவிட்டு வருகிறேன் என்று மேலே போவாராம். அவர் தரையைப் பார்த்தபடி, "பொட்டி வைக்கப் போறேன்னு சொல்வேன்ல, அது அங்கதான்" என்றார்.

"பொட்டி வைக்க ஒரு மணி நேரமான்னு நெனப்பேன்! பஜனையாலதான் குடிய விட்டீங்கன்னு ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேனே!"

"அதனாலதாம்மா உன்கிட்ட சொல்ல மனசு வரல."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். பின்னால் நாங்கள். எங்களுக்கும் பின்னால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் மனைவி.

மேலே ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இந்தி, மலையாளம், தமிழ், யாருக்கு எது வருமோ அது. பெண்கள் இருவரும் சமையலறையில் டீ போடப் போனோம். என் கணவர் முறை வந்தபோது, "கீழேயே சொல்லிட்டேன். மறுபடியும் சொல்லணுமா?" என்று அவர் கேட்பது காதில் விழுந்தது. ஆர்மோனியக்காரர் நடந்ததை விளக்க, அறையே சிரித்தது. கோபத்தோடு ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்த அவர் மனைவியும் சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் என் கணவர் மெதுவாகச் சொன்னார். "என் பொண்ணு பொறந்தநாளுக்கு யாரையும் கூப்பிடல. ஏன்னு எனக்குத் தெரியும்."

அவர் அதைக் கவனித்திருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. டீயை இறக்கி வைத்துவிட்டு அழுதேன். ஆர்மோனியக்காரரின் மனைவி என் பங்குக்கும் சர்க்கரை போட்டுக் கலக்கினார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை என்றால் கராமாதான். நடுவில் ஒரு வியாழக்கிழமை வழுக்கிக் குடித்துவிட்டார். மறுநாளே தானாகப் போய் அதையும் சொன்னார். லீவு நெருங்கியபோது, அந்தக் கட்டடத்துக்கு எதிரே இருந்த டிராவல்ஸுக்குப் போனோம். "ஒன்வேயா, ரிட்டர்னா?" என்று கேட்டார்கள். என் கணவர் என்னைப் பார்த்தார்.

"மூணு பேருக்கும் ரிட்டர்ன்" என்றேன்.

அவர் கவுண்டர் பக்கம் குனிந்தார். "திரும்பி வரும்போது வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி வந்து சேர்ற மாதிரி போடுங்க."