ஆமி பூட்ஸ்

எங்கள் இறப்பர்த் தோட்டத்துக் காவல்காரர் முன்பு ஆமியில் சிப்பாயாக இருந்தவர். சிங்களவர், தமிழும் பேசுவார். என்னை ‘மல்லி’, தம்பி என்பார்; நான் அவரை ‘மாத்தயா’, ஐயா என்பேன். தேநீர் நேரத்தில் என்னோடு உட்கார்ந்து பேசுகிறவர் அவர் ஒருவர்தான். ஆமியில் கொடுத்த சாமான்களில் மழைக்கோட்டு தங்கமாம், பூட்ஸ்தான் படுமோசமாம்.

“ஒரு சைஸ் பெருசு மல்லி. பேப்பர் அடைச்சுப் போட்டேன். கல்லு மாதிரி பாரம்.”

“தெரியுங்க மாத்தயா.”

“ஒனக்கு எப்படித் தெரியும்? நீயும் ஆமியா?” என்று சிரித்தார்.

எனக்கு இருபது வயதில், ஆமியின் ஒரு சுற்றிவளைப்பின்போது, நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். விசாரணை முடியும்வரை ஒருவனுடைய பூட்ஸ் என் கழுத்தில் இருந்தது. யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன்.

“எந்த வருசம்?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

மிச்சத் தேநீரைக் கொட்டிவிட்டு எழுந்து போனார். இப்போது நான் தனியாகத்தான் குடிக்கிறேன்.