அக்காவின் கால், வேறொருத்தியின் முகம்

அன்று சாம்பிள் ரூமில் இருந்தவர்கள் ஐந்தே பேர்: சென்னையிலிருந்து வந்த போட்டோக்காரர், அவர் கூட்டிவந்த மாடல் பெண், எங்கள் மேனேஜர், தையல் மிஷின் அக்கா, நான். கதவைச் சாத்தச் சொன்னது நான்தான். எட்டாம் வகுப்போடு நின்று ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வந்தவள். எதைக் கண்டாலும் எனக்கு முதலில் பயம்தான் வரும்.

தீபாவளி விளம்பரத்துக்குப் புதுச் செருப்பு. எங்கள் கம்பெனியில் சாம்பிள் என்றால் ஒரே ஜோடி, அதுவும் முப்பத்தேழு சைஸில்தான். மாடல் பெண்ணின் கால் என்ன அளவு என்று யாரும் கேட்டுவைக்கவில்லை. அவள் போட்டுப் பார்த்தாள்; குதிகால் வெளியே நின்றது. மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. அப்போதுதான் எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். அச்சு அசல் முப்பத்தேழு அவள் கால். எந்தப் புதுச் செருப்பானாலும் முதலில் அக்கா போட்டு நடந்து பார்ப்பாள். அப்புறம்தான் ஆர்டருக்குப் போகும்.

"மூஞ்சி இவங்களுது, கால் உங்களுது. கம்ப்யூட்டர்ல ஒட்டிக்கலாம்" என்றார் போட்டோக்காரர். அக்காவுக்கு ஒரே குஷி. காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவர் கேமராவில் பார்த்துவிட்டு, "பண்டிகை விளம்பரம். மெட்டி இருந்தா லட்சணமா இருக்கும்" என்றார்.

அக்காவின் வீட்டுக்காரர் இறந்து மூன்று வருடம். பாவம், போட்டோக்காரருக்கு எப்படித் தெரியும்?

அக்கா என் காலைப் பார்த்தாள். "உன்னுத கழட்டிக் குடுடி."

"அக்கா, எங்க வீட்டுக்காரரு லாரியில போயிருக்காரு. வேணாங்கா."

"நான் ஒருநாளும் கழட்டினதே இல்லடி. அவரு போவலையா?"

கழற்றிக் கொடுத்தேன். போட்டோ எடுத்த அரை மணி நேரத்தில் மூன்று தடவை வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டேன். மூன்றாவது தடவை, "இன்னாடி பேஜாரு பண்ற!" என்று கத்தினார். அந்தத் திட்டு அன்றைக்கு எவ்வளவு தித்திப்பாக இருந்தது!

பத்தே நாளில் ஹைவே ஓரம் போர்டு ஏறிவிட்டது. இப்போது அந்த இடத்தில் ஏதோ சிமென்ட் விளம்பரம். அன்று, ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று, "என் காலுடி! என் காலு!" என்று அக்கா போட்ட கூச்சலில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். ஆள் உயரக் கால். பசை கொட்டி வெந்த தழும்பைக் காணோம், குதிகால் வெடிப்பைக் காணோம். மெட்டி மட்டும் மின்னியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலூர் கோட்டைக் கோயிலுக்குப் போனோம். மண்டபத் தூணில் ஒரு பெண் சிலை. இத்தனை நூறு வருடம் நின்றும் காலில் ஒரு வெடிப்பு இல்லை. அவளைப் பார்க்கிறபோதெல்லாம் என் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொள்வது என் வழக்கம். அக்கா குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இவளுக்கும் மூஞ்சி ஒருத்திது, காலு ஒருத்திதா இருக்கும்டி. கல்லு சுமக்க வந்தவ எவளையாவது நிக்க வெச்சிக் காலைச் செதுக்கியிருப்பான்."

அப்புறம் எனக்குக் கோயிலில் கால் தரிக்கவில்லை. இது யார் கால், அது யார் கால் என்று தூண் தூணாக ஓடினேன்.

மறுநாள் அக்கா புது மெட்டியோடு வேலைக்கு வந்தாள். லைனில் அத்தனை மிஷினும் நின்றது. "இன்னாக்கா இது? பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?" என்றாள் ஒருத்தி.

அக்கா மிஷினை மிதித்துக்கொண்டே சொன்னாள்: "கோட்டைக் கோயில்ல ஒருத்தி நிக்கிறாளே, காலு நெறைய மெட்டி போட்டுகினு. ஹைவேல ஒருத்தி உக்காந்துகினு கீறா. அவளுங்க புருஷன் கீறானா போய்ட்டானான்னு யாருனா கேட்டீங்களா?"