லியோனில் முறை சொல்லிக்கொடுத்த கார்குழலி

மூலக்குளத்து முருகையன் பஞ்சாலையில் இருந்தவர். ஆலை மூடின பிறகு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சம்சாரம் தனக்கொடி. ஒரே மகள் கார்குழலிக்கு பிரெஞ்சும் இங்கிலீஷும் தண்ணீர் பட்ட பாடு. போன வருஷம் மேல்படிப்புக்கு பிரான்ஸ் தேசத்து லியோனுக்குப் போனாள். படிக்கிற இடத்திலேயே முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசப் பழக்குகிற வேலை. அந்தச் சம்பளத்தில்தான் வாடகை, சோறு எல்லாம்.

முதல் நாள் வகுப்பில், நம்ம ஊரில் புதுசாக ஒருத்தரைப் பார்த்தால் கேட்கிறதைத்தான் கேட்டாள். அப்பா என்ன வேலை, கூடப் பிறந்தவங்க எத்தனை பேர், கல்யாணம் ஆச்சா? ஆசையாகத்தான் கேட்டாள். அங்கே அதெல்லாம் முன்பின் தெரியாதவர் கேட்கிற கேள்வியா? பிள்ளைகள் அன்றைக்கு மூடின வாய்தான். மழையைப் பற்றிக் கேட்டால்கூட ஒரு வார்த்தைக்கு மேல் வராது.

மேற்பார்க்கும் பேராசிரியர் முசே ரெனே, நம்ம பேச்சில் ரெனே ஐயா, சொல்லிவிட்டார்: "வியாழக்கிழமை வந்து உட்கார்றேன். அன்னிக்கும் இவங்க பேசலைன்னா அடுத்த பருவத்துக்கு வேற ஆள்தான்." வேலை போனால் படிப்பும் போச்சு, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

புதன்கிழமை தனக்கொடி போன் போட்டாள். "சேதராப்பட்டு அத்தை வந்துட்டுப் போச்சுடி. இளஞ்செழியனுக்கு உன்னைக் கேக்குது."

அத்தை என்றால் கமலவேணி, முருகையனுக்கு நேர் மூத்தவள். அவள் மகன் இளஞ்செழியன் சேதராப்பட்டிலேயே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர்.

"யம்மா, இருக்கிற தலைவலில இது வேறயா!" என்று போனை வைத்துவிட்டாள் கார்குழலி.

மறுநாள் ரெனே பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். வகுப்பு கப்சிப். முன்வரிசை லூசி மட்டும் இரக்கப்பட்டு, "முகம் வாடியிருக்கே, உடம்பு சரியில்லையா?" என்றாள்.

கேட்டதுதான் தாமதம், கார்குழலி கொட்டிவிட்டாள். "அத்தை மகனைக் கட்டிக்கச் சொல்றாங்க!"

வகுப்பே நிமிர்ந்தது. "அண்ணன் மாதிரி ஆச்சே!"

"யார் சொன்னது? பெரியப்பா மகன்தான் அண்ணன். அத்தை மகன் கட்டிக்கிற முறை."

அவர்களுக்கு இரண்டு பேருமே கசின். எல்லாம் ஒரே கூடை. "ரெண்டும் ஒரே ரத்தம்தானே, இதெப்படி நியாயம்?" என்று தியோ எழுந்தே விட்டான். கார்குழலி விடுவாளா? லூசியை அத்தையாக்கினாள், தியோவை அத்தை மகனாக்கினாள், எதிர்வரிசையைப் பெரியப்பா வகையறாவாக்கினாள். "நான் இவனைக் கட்டவே மாட்டேன்!" என்று கல்யாணப் பெண்ணாக நின்ற ஒருத்தி. "என் பையனுக்கு என்னடி குறை?" என்று லூசி. தப்பும் தவறுமாக, ஆனால் அத்தனையும் இங்கிலீஷில்!

பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. ரெனே. "எனக்குத் தாய்மாமன் மகள் ஒருத்தி இருக்கா..."

"தாராளமா கட்டலாம், முசே."

"நாப்பது வருஷம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மணி அடித்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. ரெனே போகிறபோது அவள் மேஜையருகே நின்றார். "அடுத்த பருவமும் நீங்கதான். இந்தச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்."

அடுத்த வகுப்புக்கு தியோ முதல் ஆளாக வந்து நின்றான்.

"எங்கம்மாவோட அண்ணனுக்கு ரெண்டு மகளுங்க. மூத்தவளுக்குக் கோபம் ஜாஸ்தி."

"அப்படியா? உட்காரு, உட்காரு," என்றாள் கார்குழலி. "சின்னவ எப்படி?"