சோப்பில்லாப் பையோடு சுங்குவார்சத்திரத்தில் இரண்டு இரவு

பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை கிளம்பினேன். கோடை விடுமுறையில் பதினைந்து நாள் முதுகுப்பையோடு இமயமலைப் பக்கம் போவதாகத் திட்டம். அதற்கு முன்னால் பையையும் என்னையும் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. விதி இரண்டுதான். சாப்பாடு அடுப்பில்லாமல் ஆக வேண்டும். உடம்புக்கு சோப்பு, ஷாம்பு, க்ரீம் எதுவும் கிடையாது. சமையலறை அலமாரியில் இருப்பது மட்டும். இதற்கு ஏற்காடு போயிருக்கலாம். அங்கே குளிர்காற்றில் யார்தான் எளிமையாக இருக்க மாட்டார்கள்? உப்புத் தண்ணீர், லாரிப் புகை, வெயில் மூன்றும் சேர்ந்த இடத்தில் தாக்குப்பிடித்தால்தான் கணக்கு என்று ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். "உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார் வீட்டுக்காரர். நான் பையைக் கட்டினேன்.

பையின் எடை ஆறரைக் கிலோ. கெட்டி அவல், வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வெல்லம், நாலு எலுமிச்சம்பழம், உப்பு, மிளகுப்பொடி. அவலைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டால் காலைச் சாப்பாடு. அதே அவலில் வெல்லத்தை நுணுக்கிப் போட்டால் ராத்திரிச் சாப்பாடு. உடம்புக்குப் பயத்தமாவு, சீயக்காய்ப் பொடி, ஒரு கட்டி படிகாரம், சின்னப் பாட்டிலில் தேங்காய் எண்ணெய். பல்லுக்கு வேப்பங்குச்சி போகிற இடத்தில் கிடைக்கும் என்று நம்பினேன். கிடைத்தது.

பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆனது, டிக்கெட் நாற்பது ரூபாய்க்குள். இறங்கும்போது மதியம் ஒன்றே கால். முதல் லாட்ஜில் "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் கிடையாது மேடம்" என்றார்கள். இரண்டாவது லாட்ஜில் அதையே கொஞ்சம் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அப்படியே திரும்பிப் போயிருப்பேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில் பையை இறக்கி வைத்து மூச்சு வாங்கும்போதுதான் கடைக்காரம்மா குமுதா கேட்டார்: "இன்னாம்மா, மூஞ்சி இப்டி வாடிக்கீது? ரூமு இல்லன்னுட்டானுங்களா?"

ஆமாம் என்றேன்.

"அவனுங்க கெடக்குறானுங்க. மாடில கம்பெனி பொண்ணுங்க வாடகைக்கு கீதுங்க. ஒருத்தி பொங்கலுக்குப் போனவ இன்னும் திரும்பல. அந்தக் கட்டில்ல படுத்துக்கோ. ராத்திரிக்கு எரநூறு குடு, போதும்."

மாடியில் ஒரே அறை, ஐந்து கட்டில், ஒரு குளியலறை. எல்லோரும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அன்று இருந்தவர்கள் இரண்டு பேர். மாரிச்செல்வி சங்கரன்கோவில் பக்கம். குரல் வெளியே வராத பெண். ஜெனிஃபர் தூத்துக்குடி; இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். நான் பையைப் பிரித்துக் கட்டிலில் பரப்பியதும் ஜெனிஃபர் ஒவ்வொரு பொட்டலமாக முகர்ந்து பார்த்தாள்.

"எக்கா, ஊர் சுத்த வந்தியளா, மளிகைக் கடை போட வந்தியளா?"

அன்று சாயங்காலமே என் சோதனையில் முதல் அடி விழுந்தது. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் அவர்கள் திண்டாடும்போது, பயத்தமாவு மட்டும் அலட்டிக்கொள்ளாமல் அழுக்கை எடுத்தது. அந்தப் பெருமையில் தலைக்குச் சீயக்காயையும் தாராளமாகத் தேய்த்தேன். அலசினேன், அலசினேன், பொடி போகவே இல்லை. கடைசியில் மொத்தமும் சேர்ந்து குளியலறைத் துவாரத்தை அடைத்துக்கொண்டது. கீழேயிருந்து குமுதா அக்கா துடைப்பக் குச்சியோடு ஏறி வந்தார். "தலைக்கு குளிச்சியா, இல்ல மாவு கரைச்சியா?" என்று அவர் குத்திக் குத்தி அடைப்பை எடுக்கும்போது நான் ஈரத்தலையோடு நின்றேன். ஜெனிஃபர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ராத்திரிக்கு வெல்லம் போடுவதாக நான் அவல் ஊறவைத்தேன். ஜெனிஃபர் ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டை வறுத்தாள். எளிமையான உணவு பற்றிய என் கொள்கை அந்த வாசனையில் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. வெல்லத்தை ஓரம் வைத்துவிட்டு உப்பைப் போட்டேன். உப்பு அவலும் நெத்திலிக் கருவாடும் எவ்வளவு பொருத்தம் என்று யாரும் எனக்கு இதுவரை சொல்லாதது அநியாயம்.

சாப்பிடும்போது மாரிச்செல்வி ஸ்பூனால் சாப்பிட்டதைக் கவனித்தேன். கழுவி வைத்த பிறகு அவளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எக்கா, கைக்கு ஏதும் மருந்து வச்சிருக்கியளா?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் சிவந்து தடித்து, மணிக்கட்டில் தோல் வெடித்திருந்தது. எட்டு மணி நேரம் கையுறைக்குள்ளேயே இருக்கும் கை. இரண்டு மாதமாக இப்படி. உற்பத்தி லைனுக்குள் போவதற்கு முன்னால் விளக்குக்கு அடியில் இரண்டு கையையும் நீட்டிக் காட்ட வேண்டுமாம். நகப்பூச்சு, மருதாணி, பவுடர் எதுவும் இருக்கக் கூடாது. கூடப்பிறந்தவள் கல்யாணத்துக்குக்கூட இந்தப் பெண்கள் மருதாணி வைத்துக்கொள்வதில்லை. அந்தச் சோதனையில் சிவப்பு தெரியாமல் இருக்க, முகத்துக்குப் போடும் க்ரீமைத் தினமும் கையில் தேய்த்து மறைத்திருக்கிறாள். அதனாலேயே இன்னும் மோசமாகியிருக்கிறது.

"திங்கக்கிழம மெடிக்கல் டெஸ்ட்க்கா. பாஸாயிட்டா பெர்மனென்ட். கை சரியில்லன்னு எழுதிட்டாவன்னா லைன விட்டு எடுத்துருவாவ. ஊருக்குப் போயி பீடிதான் சுத்தணும்."

க்ரீமை நிறுத்து, தேங்காய் எண்ணெய் மட்டும் போடு, டாக்டரிடம் காட்டு என்றேன். வேறு என்ன சொல்ல? நான் பயத்தமாவோடு வந்தவள், வைத்தியர் இல்லை.

ஞாயிறு காலை ஆறரைக்கு ஊருக்குப் பின்னால் இருந்த ஏரிக்கரைக்குப் போனேன். தண்ணீர் நிறைய இருந்தது. ஒரு பக்கம் நாரைகள், எதிர்ப்பக்கம் கம்பெனி மதில். கரை வேப்பமரத்தில் குச்சி ஒடித்துப் பல் விளக்கி, எலுமிச்சை அவல் சாப்பிட்டு, ஒன்பது மணிக்குத் திரும்பினேன். பையை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கு நடையைக் கட்டுவதாக எண்ணம்.

அறைக்குள் நுழைந்தால் மாரிச்செல்வி இரண்டு கையையும் முன்னால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். மணிக்கட்டு வரை கெட்டியாக மஞ்சள் பற்று. ஊரிலிருந்து பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் போன பிறகு அதை வேப்பிலையோடு அரைத்துப் பூசி இரண்டு மணி நேரமாகிறது.

"ஐயையோ, யார் போடச் சொன்னது?"

"நீங்கதானக்கா இயற்கைன்னா ஒண்ணும் செய்யாதுன்னு நேத்து அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தியள்லா" என்றாள் ஜெனிஃபர். எடுத்தேன்தான்.

மாரிச்செல்வி கழுவினாள். பற்று போனது, நிறம் போகவில்லை. வீட்டில் தினமும் முகத்துக்குப் பூசுகிற மஞ்சள் கழுவினால் போய்விடும். அதே போலத்தானே என்று நினைத்திருக்கிறார்கள். இது பச்சைக் கிழங்கு, வெடித்த தோலில் நன்றாக ஏறிவிட்டது. விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை பளிச்சென்று கல்யாணப்பெண் மாதிரி மஞ்சள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். விளக்குச் சோதனை அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது.

"ஏட்டி, கேட்லயே திருப்பி அனுப்பிருவானேட்டி" என்றாள் ஜெனிஃபர். அந்த வாயாடிக்கே குரல் இறங்கிவிட்டது.

பயத்தமாவு தேய்த்தோம். எலுமிச்சை வேண்டாம், எரியும் என்று நான் தடுத்தேன். எண்ணெய் தடவித் துணியால் ஒற்றியதில் கொஞ்சம் வந்தது. சத்தம் கேட்டு மேலே வந்த குமுதா அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "வேட்டில மஞ்சா பட்டா வெயில்லதான காய வெக்கிறோம்? கையையும் வெய்யி. இன்னாத்துக்கு அழுதுகினு கீறே?"

கேட்டதும் சிரிப்பு வந்தது; ஆனால் சரிதான். மஞ்சள் கறைக்கு வெயில்தான் எதிரி. என் நடையைத் தள்ளி வைத்தேன். மொட்டை மாடியில் பாயைப் போட்டு, தலைக்கு மேல் துப்பட்டாவைக் கட்டி, கையை மட்டும் வெயிலுக்கு நீட்டி மாரிச்செல்வியை உட்கார வைத்தோம். அரை மணிக்கொரு தடவை எண்ணெய் தடவி ஒற்றுவோம், கையைத் திருப்புவாள். ஜெனிஃபர் அப்பளம் காய வைப்பதாகப் பாட்டுக் கட்டினாள். மதியச் சாப்பாடாக மாரிச்செல்விக்கு அவல் உருண்டையை நான் ஊட்டினேன்.

மூன்று மணிக்கு மஞ்சள் பெரும்பாலும் போயிருந்தது. போனதும்தான் இன்னொன்று தெரிந்தது. அடியில் இருந்த சிவப்பு நேற்றைவிடத் தெளிவாக, அப்படியே வெளியே வந்துவிட்டது. மஞ்சள் அதை மூடியிருந்திருக்கிறது.

மாரிச்செல்வி கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மஞ்சளாவே இருந்திருக்கலாமோக்கா? பொங்கலுக்குப் போட்டதுன்னு சொன்னா ஒரு நா திருப்பி அனுப்புவாவ, அவ்வளவுதான். செவப்பத்தான் பாக்கக் கூடாது."

மிச்சக் கிழங்கு ஜன்னலில்தான் இருந்தது. மறுபடி அரைத்துப் பூச ஐந்து நிமிடம் போதும். ஜெனிஃபர் "பூசிக்கோட்டி, ரெண்டு நா கழிச்சுப் பாத்துக்கலாம்" என்றாள். என்னைக் கேட்டார்கள். காட்டு என்று சொல்ல எனக்கு எவ்வளவு சுலபம்! வேலை போனால் பஸ் ஏறப்போவது அவள்.

மாரிச்செல்வி எழுந்து எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தாள். நகக்கண்ணில் மிச்சமிருந்த மஞ்சளைத் தேய்க்க ஆரம்பித்தாள். "மறைச்சு மறைச்சுதானக்கா ரெண்டு மாசமா இந்தக் கதி. போதும்."

திங்கள் அதிகாலை அவர்களோடு கம்பெனி பஸ் நிற்கும் இடம் வரை போனேன். மாரிச்செல்வியின் கையில் க்ரீம் இல்லை. துப்பட்டாவுக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு ஏறினாள். பஸ் கண்ணிலிருந்து மறையும் வரை நின்றேன். என் பெண் பரீட்சைக்குப் போனபோதுகூட நான் இப்படி நின்றதில்லை.

விடிந்ததும் நடந்தேன். ஸ்ரீபெரும்புதூர் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். கடலையும் வெல்லமும் தின்றுகொண்டே மூன்று மணி நேரம். அதையும் தாண்டிப் பென்னலூர் வரை போய் ஒரு மரத்தடியில் படுத்துவிட்டு, மதியத்துக்கு மேல் பஸ்ஸில் ஒரகடம். அங்கே கொஞ்சம் பெரிய லாட்ஜ், எண்ணூறு ரூபாய், கேள்வி கேட்கவில்லை. செவ்வாய் காலை ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில். அங்கிருந்து மறைமலை நகருக்கு ஐந்து கிலோமீட்டர் நடை. இத்தனை தூரத்திலும் போனை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

இந்தப் பக்கம் பையோடு வருகிறவர்களுக்குச் சில விஷயம். நடப்பதானால் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். லாரிக்கு எதிர்ப்பக்கமாகவே நடங்கள், நடைபாதை என்று ஒன்று கிடையாது. தனியாக வரும் பெண்கள் தங்கும் இடத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது; எனக்குக் குமுதா அக்கா கிடைத்தது அதிர்ஷ்டம். கெட்டி அவலே எடுங்கள், மெல்லிசு அவல் பையில் தூளாகிவிடும். பயத்தமாவு உப்புத் தண்ணீருக்கும் தாங்கும். சீயக்காய்ப் பொடியை அப்படியே தேய்க்காமல் ஊறவைத்து வடிகட்டிய தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், வீட்டுக்காரம்மாவிடம் திட்டு மிச்சம். படிகாரம் அக்குள் வாடைக்குப் பிரமாதம். மிக முக்கியமானது: எந்தப் பொடியானாலும் இலையானாலும் முதலில் முழங்கை உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள். புண்ணிலும் வெடிப்பிலும் எதையும் பூசாதீர்கள். சமையலறையில் இருப்பதால் மட்டும் ஒன்று மருந்தாகிவிடாது. இதை நான் ஊருக்கெல்லாம் கிளாஸ் எடுக்கும் முன்னால் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

மறைமலை நகர் ரயில் நிலையத்தில் தாம்பரம் வண்டிக்குக் காத்திருக்கும்போது மாரிச்செல்வியின் குரல் பதிவு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்.

"எக்கா, நேத்தே அனுப்பணும்னு நெனச்சேன், முடியல. பாஸ் பண்ணலக்கா. ஃபெயிலும் பண்ணல. கையுறைக்குள்ள இருக்க பவுடர்தான் சேரலன்னு டாக்டரம்மா சொல்லுதாவ. உள்ள போட பருத்திக் கையுறை எழுதிக் குடுத்திருக்காவ. ரெண்டு வாரம் பேக்கிங்ல இருந்துட்டு திரும்பக் காட்டணுமாம். பருத்திக் கையுற யாரு கேட்டாலும் குடுப்பாவளாம்க்கா, நாங்கதான் லைன விட்டு எடுத்துருவாவன்னு பயந்து வாயத் தொறக்கல."

நடுவில் கேன்டீன் தட்டுச் சத்தம். அவள் குரல் தணிந்தது.

"நான் வெள்ளக் கையுறையோட வெளிய வந்தத எல்லாரும் பாத்தாவ. இன்னைக்கு சாப்பாட்டு நேரத்துல மெடிக்கல் ரூம் வாசல்ல ஆறு பேரு நிக்காவக்கா, கைய மடிச்சு வச்சுக்கிட்டு. மூணாவது ஆளு நம்ம ஜெனிஃபர். ஒரே ரூமுல ரெண்டு வருசமா இருக்கோம்... எங்கிட்டக்கூட காட்டலக்கா அவ."